சமுதாயக் கல்லூரியில் சமநீதிப் பயிற்சி: யாருக்கு, எதற்கு, எப்படி?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த எவரும், பள்ளி மதிப்பெண் என்ன என்ற கேள்வி இல்லாமல், சேர்ந்து படிக்கக்கூடிய உயர்கல்வி நிறுவனம் சமுதாயக் கல்லூரி. தமிழ்நாட்டில் இதே பெயரில் இயங்கும் குறுகிய காலத் திறன்பயிற்சி மையங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி இரண்டாண்டுப் பட்டம் தருகிறது. அங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். செவிலியர், தீயணைப்பாளர், வாகனப் பழுதுநீக்குநர் போன்ற தொழில்களுக்கான சான்றிதழும் பெறலாம். இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் கல்லூரி இவ்வகையில் இன்றும் இயங்கும் பழமையான அரசுக் கல்லூரி. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 116 கலிபோர்னியாவில் மட்டும் உள்ளன. அமெரிக்காவின் மிகப்பெரிய உயர்கல்வி அமைப்பு அதுதான். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் பலவும் அங்கிருந்தே வருகின்றன.

எல்லோருக்கும் திறந்த வாசல் என்பதால் வகுப்பறையில் பலதரப்பட்டவர்கள் உட்காருகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், இரவுப்பணி முடித்துக் காலை வகுப்புக்கு வருபவர், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று தவிக்கும் தாய், போரில் பணியாற்றித் திரும்பியவர், அண்மையில் குடியேறியவர், சிறையிலிருந்து விடுதலையானவர் எனப் பட்டியல் நீளும். ஆனால் வாசலில் நுழையும் கூட்டத்தின் தோற்றமும் பட்டத்தோடு வெளியேறும் கூட்டத்தின் தோற்றமும் ஒன்றாக இருப்பதில்லை. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர், ஏழைக் குடும்பத்தினர் ஆகியோர் நுழையும்போது இருந்த விகிதத்தைவிடக் குறைந்த விகிதத்திலேயே முடித்துச் செல்கிறார்கள். இந்த இடைவெளிக்குக் கல்லூரியின் விதிகளும் பழக்கங்களும் அங்கே பணிபுரிவோரின் முன்முடிவுகளும் எந்த அளவுக்குக் காரணம், அவற்றில் எதை மாற்ற முடியும் என்று ஆசிரியர்களும் பணியாளர்களும் ஆராய்ந்து கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடே சமநீதிப் பயிற்சியும் சார்புநீக்கப் பயிற்சியும். இரண்டும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியில் சேர்ந்தே வருகின்றன என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. சார்புநீக்கம் தனி மனிதரின் மனத்தைப் பற்றியது. சமநீதி நிறுவனத்தின் நடைமுறையைப் பற்றியது. பயிற்சி பயன் தருவதும் தராததும் பெரும்பாலும் இந்த இரண்டில் எதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பது என் கருத்து.

ஒரே தேர்வு, ஒரே விதி: அநீதி எங்கே?

சமமாக நடத்துவதற்கும் சமநீதியோடு நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பயிற்சி வகுப்புகளில் வழக்கமாக ஒரு படம் காட்டுவார்கள். வேலிக்கு வெளியே மூன்று சிறுவர்கள் நின்று பேஸ்பால் ஆட்டம் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு பெட்டி கொடுப்பது சமமாக நடத்துவது. உயரம் குறைந்தவனுக்கு நிற்பதற்கு இரண்டு பெட்டிகள், நடுத்தர உயரத்தவனுக்கு ஒன்று, உயரமானவனுக்கு எதுவும் வேண்டாம் என்பது சமநீதி. படம் எளிதாகப் புரிகிறது என்பதுதான் அதன் குறையும்கூட. குள்ளமாகப் பிறந்தது அந்தச் சிறுவனின் குறை என்பதுபோல அது பேசுகிறது. அங்கே வேலி போட்டவர் யார் என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் எழுவதே இல்லை. கல்லூரியில் முதலில் எழ வேண்டிய கேள்வி அதுதான்.

கலிபோர்னியாவின் கணித நிலைத் தேர்வு இதற்குப் பொருத்தமான உண்மைச் சான்று. பல பத்தாண்டுகளாகச் சமுதாயக் கல்லூரியில் சேரும் மாணவர் முதலில் ஒரு கணினி அறையில் உட்கார்ந்து கணிதத்திலும் ஆங்கிலத்திலும் நிலைத் தேர்வு எழுதினார். அதில் போதிய மதிப்பெண் இல்லையென்றால் கல்லூரிக் கணக்கில் சேராத அடிப்படைப் பாடங்களுக்கு அனுப்பப்பட்டார். அத்தகைய பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, மூன்று பருவங்களுக்கு நீளும். கட்டணம் உண்டு, நேரம் போகும், ஆனால் பட்டத்துக்கோ பல்கலைக்கழக மாற்றத்துக்கோ அவை உதவா. கலிபோர்னியாவில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இப்படி ஒரு அடிப்படைப் பாடத்திலாவது உட்கார வேண்டியிருந்தது. கறுப்பின, லத்தீன் வம்சாவளி மாணவர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். ஒவ்வொரு படியிலும் சிலர் தேறவில்லை. தேறியவர்களிலும் சிலர் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யவில்லை. கல்லூரி நிலைக் கணிதப் பாடத்தின் வாசலை மிதிக்காமலேயே பெரும் எண்ணிக்கையினர் படிப்பைக் கைவிட்டார்கள்.

இத்தனைக்கும் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்; வினாத்தாளில் இனம் பற்றிய கேள்வி எதுவும் இல்லை; திருத்தியது கணினி. எங்கேயும் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. பிழை தேர்வின் கணிப்புத் திறனில் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இயங்கும் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலைத் தேர்வு எழுதியவர்களில் கணிதத்தில் நால்வரில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் கடுமையாகத் தவறான இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் பெற்ற மதிப்பெண்களே அந்த ஒரு மணி நேரத் தேர்வைவிட நல்ல வழிகாட்டி என்றும் தெரியவந்தது. 2017-இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய ஏபி 705 என்ற சட்டம், மாணவர் ஓராண்டுக்குள் கல்லூரி நிலைக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பை இயன்றவரை உயர்த்தும் வகையில், பள்ளி மதிப்பெண்ணை வைத்தே இடம் ஒதுக்க வேண்டும் என்று கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. 2019 இலையுதிர்ப் பருவத்துக்குள் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே கல்லூரி நிலைக் கணிதத்தை முடிப்பவர்களின் விகிதம் எல்லா இனத்தாரிடையேயும் கணிசமாக உயர்ந்தது. இன இடைவெளி அதனால் மறைந்துவிடவில்லை. தேறாதவர்களுக்கு என்ன வழி என்று இன்னும் வாதிடும் கணித ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய கவலையில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு விதியை மாற்றியதால் ஆயிரக்கணக்கானோரின் பாதை மாறியது என்பதை மறுக்க முடியாது.

மனத்துக்குள் இருக்கும் சார்பு

விதியில் பிழை இருந்தால் விதியை மாற்றலாம். விதியைக் கையாளும் மனிதரின் தீர்ப்பில் பிழை இருந்தால்? அங்கேதான் சார்பு பற்றிய உளவியல் ஆய்வுகள் பயிற்சிக்குள் நுழைகின்றன. தான் அறியாமலேயே ஒரு குழுவைப் பற்றி மனம் வைத்திருக்கும் விரைவான இணைப்புகளை உள்ளுறை சார்பு என்கிறார்கள். அந்தோனி கிரீன்வால்டும் சகாக்களும் 1998-இல் இதை அளக்கும் கணினிச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். திரையில் தோன்றும் முகங்களையும் சொற்களையும் இரண்டு விசைகளால் வகைப்படுத்த வேண்டும். எந்த இணைப்புக்குக் கை சற்றுத் தயங்குகிறது என்பதை மில்லி நொடிகளில் கணக்கிட்டு மதிப்பு தருவார்கள். இந்தத் துறையை கிரீன்வால்டோடு சேர்ந்து வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஹார்வர்ட் பேராசிரியர் மஹ்ஜரின் பனாஜி. செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். பயிற்சிக்கு வருமுன் இந்தச் சோதனையை எழுதிவிட்டு வரச் சொல்லும் கல்லூரிகள் பல.

எனக்கு அந்தச் சோதனையைவிட, மனிதர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று அளந்த கள ஆய்வுகளே அதிக நம்பிக்கை தருகின்றன. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்றில், முனைவர் பட்டத்துக்குச் சேர விரும்பும் மாணவர் எழுதியது போன்ற ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி 259 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். பெண்பெயருக்கும் கறுப்பின, லத்தீன், இந்திய, சீனப் பெயர்களுக்கும் வெள்ளை ஆணின் பெயரைவிடக் குறைவாகவே பதில் வந்தது. இன்னொன்றில், 124 இணைய வகுப்புகளின் விவாதப் பக்கங்களில் கற்பனை மாணவர்களின் பெயரில் கேள்விகள் இடப்பட்டன. ஆசிரியர்கள் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். வெள்ளை ஆண் என்று தோன்றும் பெயர்களுக்கோ 12 விழுக்காடு. அந்த ஆசிரியர்களில் ஒருவர்கூடத் தான் பாரபட்சம் காட்டியதாக நினைத்திருக்க மாட்டார். நூற்றுக்கணக்கான கேள்விகளில் எதற்கு முதலில் பதில் சொல்வது என்று ஓடும் வேளையில் கண் எங்கே நின்றதோ அங்கே கையும் நின்றது, அவ்வளவுதான். சார்பு தன் வேலையைச் செய்வது பெரும்பாலும் அவசரத்திலும் தெளிவில்லாத விதியிலும்தான்.

பெயர் என்றதும் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே கொண்ட ஒரு மாணவர், முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களையும் கட்டாயமாக நிரப்பச் சொல்லும் விண்ணப்பத்தின் முன் தடுமாறுவார். கடவுச்சீட்டில் ஒரு வரிசை, கல்லூரிப் பதிவேட்டில் வேறொரு வரிசை என்று ஆகி, நிதியுதவி அலுவலகத்தில் இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழும். அந்த விண்ணப்பத்தைக் காட்டும் மென்பொருளுக்கு யார்மீதும் வெறுப்பில்லை. வெளிப்படையான இழிவும் நடக்காமல் இல்லை: 2020 ஜூனில் ஓக்லாண்டின் லேனி கல்லூரியில், வியட்நாமிய மாணவி ஒருவரின் பெயர் ஆங்கிலத்தில் ஆபாசமாக ஒலிக்கிறது, அதை ஆங்கிலமாக்கிக்கொள் என்று கணித ஆசிரியர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் நாடெங்கும் பரவியது, கல்லூரி அவரைப் பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைத்தது. இன்னொரு செய்தியும் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. சமுதாயக் கல்லூரி மாணவர்கள் பலர் மாறிச் செல்லும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. மாநிலம் முழுவதற்கும் அதைச் சட்டமாக்க முயன்ற மசோதா 2023-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கேவின் நியூசம் ஒப்பமிட மறுத்துவிட்டார்.

பயிற்சி அறையில் என்ன நடக்கிறது

பயிற்சி என்றவுடன் பேராசிரியர்களையே நினைக்கிறோம். ஆனால் மாணவர் முதலில் சந்திப்பது பேராசிரியரை அல்ல. சேர்க்கை அலுவலகத்தின் முகப்பில் இருப்பவரையும், நிதியுதவி எழுத்தரையும், வளாகக் காவலரையும்தான். நிதியுதவிப் படிவத்தில் பெற்றோரின் வருமானச் சான்று கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவர் நான்காம் முறை வராமலே போகலாம். அவருடைய பெயர் எந்த ஆசிரியரின் வருகைப் பதிவேட்டிலும் ஏறாததால், அந்த இழப்பு யாருடைய தோல்விக் கணக்கிலும் வராது. ஆகவே நல்ல பயிற்சிகள் முகப்புப் பணியாளர்களைத் தனியாக உட்காரவைத்து, ஒரு விண்ணப்பம் உள்ளே வந்து ஒப்புதலாக வெளியேறும் வரை எத்தனை கைகளைத் தாண்டுகிறது, எங்கெல்லாம் விதிவிலக்கு தரும் உரிமை தனி ஒருவரின் மனநிலையில் இருக்கிறது என்று வரைந்து பார்க்கச் சொல்கின்றன. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குக் கால நீட்டிப்பு, தயங்கி நிற்பவருக்கு மறுப்பு என்பது அங்கேதான் நேர்கிறது.

ஆசிரியர்களுக்கான பயிற்சியில் மையமான பகுதி எண்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எஸ்டெலா மாரா பென்சிமோன் 1999-இல் நிறுவிய நகர்ப்புறக் கல்வி மையம் வளர்த்தெடுத்த முறை இது: கல்லூரியின் மொத்தத் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு பாடத்தின் தேர்ச்சியையும் இனம், பாலினம், வருமானம் எனப் பிரித்துப் பார்ப்பது, பார்த்தபின் 'இந்த மாணவர்களிடம் என்ன குறை' என்று கேட்காமல் 'நம் நடைமுறையில் என்ன குறை' என்று கேட்பது. கணக்கு எப்படி என்பதற்குக் கற்பனையான எண்களைக் கொண்டே ஒன்றைப் பார்ப்போம். ஒரு பாடத்தில் மிகுந்த தேர்ச்சி பெற்ற பிரிவின் விகிதம் 75 விழுக்காடு, இன்னொரு பிரிவின் விகிதம் 54 விழுக்காடு என்று கொள்வோம். 54-ஐ 75-ஆல் வகுத்தால் 0.72. அமெரிக்க வேலைவாய்ப்புத் தேர்வு நெறிமுறைகளில் 1978 முதல் இருக்கும் ஐந்தில் நான்கு பங்கு விதியின்படி இந்த எண் 0.80-க்குக் கீழே போனால் அந்தப் பிரிவின்மீது விகிதத்துக்கு மீறிய பாதிப்பு இருக்கிறது என்று பொருள். கல்லூரிகளும் அந்த அளவுகோலையோ விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தையோ பயன்படுத்துகின்றன. இந்த எண் யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. எங்கே தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஒரு வகுப்பில் ஒரு பிரிவைச் சேர்ந்தவர் நால்வரே இருந்தால் விகிதத்துக்குப் பொருளில்லை என்பதையும், அத்தகைய சிறு எண்கள் தனி மாணவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் பயிற்சியாளர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் புள்ளியியல் ஆசிரியர் எழுந்து சொல்வார்.

எண்களுக்கு அடுத்தது பாடத்திட்டக் குறிப்பு, அதாவது ஒவ்வொரு ஆசிரியரும் பருவத் தொடக்கத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கும் சிலபஸ். ஆசிரியர் தன் குறிப்பைத் தானே ஒரு புதிய மாணவரின் கண்ணால் வாசித்துப் பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதி. முதல் பக்கம் முழுவதும் தண்டனைகளாகவே இருக்கிறதா? தாமதமாக ஒப்படைத்தால் பூஜ்யம் என்ற விதிக்கு விலக்கு உண்டா, உண்டென்றால் அது எழுதப்பட்டிருக்கிறதா, கேட்பவருக்கு மட்டும் கிடைக்கிறதா? 'ஆபீஸ் அவர்ஸ்' என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டால், குடும்பத்தில் முதல்முறை கல்லூரிக்கு வந்தவருக்கு அது ஆசிரியர் தன் வேலையைப் பார்க்கும் நேரம், தொந்தரவு செய்யக்கூடாத நேரம் என்று தோன்ற இடமுண்டு. பாடத்தில் ஐயம் கேட்க மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம் என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். நூற்றைம்பது டாலர் பாடநூலுக்குப் பதிலாகக் கட்டணமில்லாத் திறந்தநிலைப் பாடநூல் கிடைக்குமா என்று பார்ப்பதும் இதே வேலைதான். இவற்றில் எதுவும் பாடத்தின் கடினத்தைக் குறைப்பதில்லை. தரத்தைத் தளர்த்துவதே சமநீதி என்ற அச்சம் ஆசிரியர்களிடையே பரவலாக உண்டு என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடைத்தாள் திருத்துவதில் ஒரு சோதனை மிகத் தெளிவானது. டேவிட் குவின் என்ற ஆய்வாளர் 2020-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இரண்டாம் வகுப்புக் குழந்தை எழுதிய ஒரே பத்தியை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். பத்தியில் வரும் சகோதரனின் பெயர் சிலருக்குக் கொடுத்த தாளில் டேஷான், மற்றவர்களுக்குக் கொடுத்ததில் கானர். முன்னது கறுப்பினக் குடும்பத்தை நினைவூட்டும், பின்னது வெள்ளைக் குடும்பத்தை. வகுப்புத் தரத்துக்கு மேலா கீழா என்று பொதுவாக மதிப்பிடச் சொன்னபோது டேஷான் என்ற பெயர் வரும் பத்திக்குக் குறைந்த மதிப்பீடு கிடைத்தது. எதை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்று வரையறுத்த அளவுகோலைக் கொடுத்தபோது இரண்டு பெயர்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அந்த ஆசிரியர்களின் மனத்தை யாரும் மாற்றவில்லை. கையில் இருந்த தாள் மாறியது. ஆகவே மதிப்பீட்டு அளவுகோலை முன்கூட்டியே எழுதி மாணவர்களுக்குக் கொடுப்பதும், கேன்வாஸ் போன்ற கற்றல் மென்பொருளில் பெயரை மறைத்துத் திருத்தும் வசதியை இயக்குவதும் பயிற்சி முடிந்த மாலையிலேயே செய்துவிடக்கூடியவை. திருத்தியபின் எழுதும் குறிப்பும் முக்கியம். உங்களிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், அதை உங்களால் எட்ட முடியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் என்ற பொருளில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தபோது, மாணவர்கள், குறிப்பாக ஆசிரியர்மீது நம்பிக்கை இழந்திருந்த கறுப்பின மாணவர்கள், கட்டுரையைத் திருத்தி எழுத முன்வருவது அதிகரித்தது என்று பள்ளி மாணவர்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் காட்டியது. வெறும் பாராட்டு இதைச் செய்யாது.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காருவதற்கு முன் சார்பு பற்றிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவில் விதியாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா கல்லூரியின் பதிவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், போதிய பிரதிநிதித்துவம் இல்லாத சிறுபான்மையினரைச் சேர்ந்த ஆசிரியர் நடத்தும் வகுப்பில், அதே பிரிவு மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே வகுப்பைக் கைவிடுவதிலும் மதிப்பெண்ணிலும் உள்ள இடைவெளி 20 முதல் 50 விழுக்காடு வரை சுருங்குவது தெரிந்தது. ஆனால் 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 209-ஆம் முன்மொழிவின்படி அம்மாநில அரசு நிறுவனங்கள் இனத்தைக் கணக்கில் கொண்டு ஒருவருக்கு முன்னுரிமை தரக் கூடாது. நம் ஊர் இடஒதுக்கீட்டை மனத்தில் வைத்து இதைப் படிப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே செய்யக்கூடியது, விளம்பரத்தைப் பரவலாக்குவது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, மதிப்பிடும் அளவுகோலை நேர்காணலுக்கு முன்பே எழுதிவைப்பது போன்றவை மட்டுமே.

இதனால் பயன் உண்டா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது என்பதே. உள்ளுறை சார்பைக் குறைக்கும் ஒன்பது உத்திகளைச் சோதித்த 2016 ஆய்வு ஒன்றில், அவை உடனடியாகப் பலன் தந்தாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அந்தப் பலன் கரைந்துபோனது. 492 ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு இன்னும் கடுமையான முடிவுக்கு வந்தது: சோதனையின் மதிப்பு மாறினாலும் மனிதரின் நடத்தை அதனால் மாறியதற்குச் சான்று இல்லை. தனி மனிதர் ஒருவரை மதிப்பிடும் அளவுக்கு அந்தக் கணினிச் சோதனை நிலையானதும் அல்ல. இன்று ஒரு மதிப்பும் அடுத்த வாரம் வேறொரு மதிப்பும் வரலாம். ஆகவே அதன் முடிவை வைத்து ஓர் ஊழியரைத் தீர்ப்பிடுவது தவறு. தனியார் நிறுவனங்கள் 708-ஐ ஆராய்ந்த அலெக்சாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகியோர் 2006-இல் எழுதியதும் இதே திசையில்தான்: பயிற்சியால் மட்டும் மேலாளர் பதவிகளில் பன்மை, அதாவது பல தரப்பினரும் இடம்பெறுவது, வளரவில்லை, மாற்றத்துக்கு இன்னார் பொறுப்பு என்று ஒருவரையோ ஒரு குழுவையோ நியமித்த நிறுவனங்களில்தான் வளர்ந்தது. கட்டாயப்படுத்திக் குற்றவுணர்ச்சியூட்டும் பயிற்சி எதிர்விளைவையும் தரலாம் என்று டாபினும் காலெவும் பின்னர் எழுதினார்கள்.

மறுபுறம், நடைமுறையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டம் சான்று. முழுநேரம் படிக்கச் சம்மதிக்கும் மாணவருக்கு எஞ்சிய கட்டணம் தள்ளுபடி, பாடநூல் உதவி, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் பயண அட்டை, குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்களைக் கவனிக்கும் ஆலோசகர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய மதிப்பீட்டில், அடிப்படைப் பாடம் தேவைப்பட்ட மாணவர்களிடையே மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்துக்கு வெளியே 22 விழுக்காடு, திட்டத்துக்குள் 40 விழுக்காடு. அந்த ஆலோசகர் மாணவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதற்குப் பயிற்சி உதவலாம்; பயண அட்டை இல்லாத குறையைப் பயிற்சி ஈடுசெய்யாது.

2020 மே மாதம் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டபின் இத்தகைய பயிற்சிகள் திடீரெனப் பெருகின. கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளின் அன்றைய தலைமை வேந்தர் எலோய் ஓர்டிஸ் ஓக்லி இன அநீதிக்கு எதிராகச் செயலில் இறங்குமாறு அடுத்த மாதமே எல்லாக் கல்லூரிகளுக்கும் அழைப்பு விடுத்தார். மாநிலத்தின் காவலர்களில் பெரும் பங்கினர் இக்கல்லூரிகளில் பயின்றவர்கள் என்பதால் காவல் பயிற்சிப் பாடத்தை மறுபரிசீலிப்பதும் அதில் அடங்கியிருந்தது. 2023-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஒரு படி மேலே போய், ஊழியர்களின் பணி மதிப்பீட்டிலேயே பன்மை, சமநீதி பற்றிய திறன்களைச் சேர்க்கச் சொன்னபோது, சில ஆசிரியர்கள் இது தங்கள் கருத்துரிமையில் தலையிடுகிறது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார்கள். அவர்களுடைய வாதம் முழுவதையும் ஏற்காவிட்டாலும் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைக் கல்லூரி மதிப்பிடலாம், என்ன நம்புகிறார் என்று சத்தியம் வாங்கக் கூடாது. வேறு மாநிலங்களில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் செயல்பாட்டுக்கு வந்த சட்டம் அரசுக் கல்லூரிகளில் பன்மைத்துவ அலுவலகங்களையும் கட்டாயப் பயிற்சியையும் தடைசெய்தது. சமுதாயக் கல்லூரிகளும் அதற்குள் அடங்கும். ஃபுளோரிடாவும் அதே மாதம் தன் மாநிலக் கல்லூரிகளில் இதற்கான செலவைத் தடைசெய்யும் விதியைக் கொண்டுவந்தது. 2025-இல் கூட்டாட்சி அரசே இவற்றுக்கு எதிரான ஆணைகளைப் பிறப்பித்தது. அவை குறித்த வழக்குகளும் தொடர்ந்தன. இத்தனைக்கும் நடுவில், பிரித்துப் பார்த்த எண்களும் எழுதிவைத்த அளவுகோலும் தெளிவான சிலபஸும் எந்தப் பெயரில் வந்தாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சட்டத்தைவிடச் சாதாரணமான தடை ஒன்றும் இருக்கிறது. சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரத்தினர். கலிபோர்னியாவில் இவர்களை ஃப்ரீவே ஃபிளையர் என்று கிண்டலாகச் சொல்வார்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, மாலையில் மூன்றாவது என்று நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர்கள். மாணவர்களில் பலருக்குப் பாடம் நடத்துபவர்கள் இவர்களே என்றாலும், பயிற்சியோ பல இடங்களில் ஃபிளெக்ஸ் நாட்களில், அதாவது வகுப்புக்குப் பதிலாக ஆசிரியர் பயிற்சிக்கென ஒதுக்கிய நாட்களில், பகல் நேரத்தில், பகுதிநேரத்தினருக்கு ஊதியமின்றி வைக்கப்படுகிறது. ஒரு கல்லூரி தன் பயிற்சியில் எவ்வளவு அக்கறை கொண்டிருக்கிறது என்று அறிய விரும்புபவர் அதன் பாடப்பொருளைப் பார்ப்பதற்கு முன், பகுதிநேர ஆசிரியருக்கும் முகப்பு எழுத்தருக்கும் அந்த நேரத்துக்குச் சம்பளம் தருகிறார்களா, அவர்கள் வரும்போது முகப்பைக் கவனிக்க வேறொருவர் இருக்கிறாரா என்று கேட்கலாம்.